தோடியைத் தேடினால் வேறு யாரோ வருகிறார்: கச்சேரி கேட்பவருக்கான ஸ்ட்ரீமிங் பழுது நீக்கம்

ஸ்ட்ரீமிங் ஆப் எதுவானாலும் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பாட்டு. நாலு நிமிஷம், ஒரு பாடகர் பெயர், ஒரு அட்டைப்படம். ராகம், தாளம், பக்கவாத்தியம், கச்சேரி எல்லாம் அதன் படிவத்தில் கிடையாது. ஐம்பது நிமிஷ ராகம் தானம் பல்லவியைக் கொடுத்தால் அதையும் பாட்டு என்றே எழுதிக்கொள்ளும். மூன்று துண்டாக வந்து சேர்ந்தால் மூன்று பாட்டு. கர்நாடக சங்கீதத்தை உட்கார்ந்து கேட்கிறவருக்கு வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இங்கே முளைத்தவைதான்.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். சில தொல்லைகள் ஒரு நிமிஷத்தில் தீரும். சில கிராமபோன் காலத்திலேயே நேர்ந்தவை. போனை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் தீராது. செட்டிங்ஸில் இருக்கும் பெயர்கள் ஆப்புக்கு ஆப் கொஞ்சம் மாறும், அதற்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலாபனை முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் தம்புரா அறுந்துபோகிறது

இது மூன்று நான்கு விதமாக நடக்கும். எப்படி அறுகிறது என்று முதலில் காதால் பார்த்துவிட்டு அப்புறம் செட்டிங்ஸைத் தொடுங்கள்.

ஒன்றின் வாலும் அடுத்ததன் தலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் அது கிராஸ்ஃபேட். செட்டிங்ஸில் 'பிளேபேக்' பக்கத்தில் இருக்கும். ஸ்பாட்டிஃபையில் இதை 12 விநாடி வரை இழுத்து வைக்கலாம். பூஜ்யமாக்குங்கள். விருந்துக்கு ஆடுகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. கச்சேரியில் இது செய்யும் அநியாயம் துக்கடா நேரத்தில், அதாவது கடைசியில் சின்னச் சின்ன உருப்படிகள் பாடும்போது, தெரியும். புன்னாகவராளி, செஞ்சுருட்டி போன்ற ராகங்களுக்குப் பாடகர் மத்யமத்தையே ஸட்ஜமாக வைத்துப் பாடும் மத்யம சுருதிக்கு மாறிவிடுவார். முந்தின உருப்படியின் பஞ்சம சுருதியும் இந்த மத்யம சுருதியும் பத்து விநாடி சேர்ந்து ஒலித்தால், நிறுத்திவிட்டு எழுந்து போகத்தான் தோன்றும். 'ஆட்டோமிக்ஸ்' என்று இன்னொரு பொத்தான் இருந்தால் அதையும் அணையுங்கள்.

அரை விநாடிக்கும் குறைவாக ஒரு மௌனம், 'டக்' என்று வெட்டியது போல வந்தால் காரணம் வேறு. எம்பி3 கோப்பு ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக நறுக்கி வைக்கிறது; ஒரு கட்டம் ஏறத்தாழ 26 மில்லிவிநாடி. கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் வெறும் மௌனத்தை ஊற்றி நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேரும். சினிமாப் பாட்டில் இது யாருக்கும் தெரியாது. தம்புரா இடைவிடாமல் ஓடும் இடத்தில் பல்லில் கல் பட்டது போலத் தெரியும். 'கேப்லெஸ்' என்ற பொத்தானைப் போடுங்கள். போட்ட பிறகும் வந்தால், ஹாலில் இருக்கும் ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் போனிலேயே ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். போனில் சரியாக இருந்தால் குறை ஸ்பீக்கர் பக்கம்.

மெல்லத் தேய்ந்து மறைந்து, மறுபடி மெல்ல எழுந்தால் அது ஆல்பம் போட்டவர்கள் செய்தது. 74, 80 நிமிஷ சிடியில் கச்சேரியை அடைக்க வேண்டியிருந்த நாட்களின் மிச்சம். அதற்கு மருந்து இல்லை. அதே கச்சேரியை யாராவது முழு நீளத்துக்கு ஒரே டிராக்காக ஏற்றியிருக்கிறார்களா என்று தேடுவதுதான் வழி.

பெயரில் 'பாகம் 1', 'பாகம் 2' என்று இருந்து ஒவ்வொன்றும் மூன்று நிமிஷத்தை ஒட்டியிருந்தால் ஆப்பைத் திட்ட வேண்டாம். அது 78 ஆர்பிஎம் இசைத்தட்டின் இரண்டு பக்கம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷச் சொச்சம்தான் கொள்ளும். பாடகரே அங்கே நிறுத்தியிருக்கிறார்.

தனி ஆவர்த்தனம் வந்ததும் சத்தம் தானாக அமுங்குகிறது, அல்லது ஆலாபனை மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது

எல்லாப் பாட்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவரும் வேலையை ஆப் பின்னால் இருந்து செய்கிறது. 'வால்யூம் நார்மலைசேஷன்', ஆப்பிளில் 'சவுண்ட் செக்'. ஆலாபனை ஒரு டிராக், கிருதி ஒரு டிராக், மிருதங்கத்தின் தனி ஒரு டிராக் என்று பிரிந்திருந்தால் தனித்தனியாக அளந்து, மெதுவான ஆலாபனையைத் தூக்கி, உரத்த தனியை அமுக்கிவிடும். பாடகரும் மிருதங்கக்காரரும் கட்டிய ஏற்ற இறக்கம் போய்விடும்.

அணைத்துவிடுங்கள். அணைக்க மனமில்லாவிட்டால், பிளேலிஸ்ட்டிலிருந்து போடாமல் ஆல்பத்தைத் திறந்து முதலிலிருந்து போடுங்கள். ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவுதான் போடும், உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கம் பிழைத்துவிடும். ஷஃபிளில் போட்டால் அந்தச் சலுகை இல்லை.

அதே பக்கத்தில் ஈக்வலைசரையும் பார்த்துவிடுங்கள். 'பேஸ் பூஸ்ட்' போட்டிருந்தால் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் ஒவ்வொரு கும்கி அதிர்வும் பக்கத்து வீட்டில் மேஜையை இழுப்பது போலக் கேட்கும். எல்லாக் கோடும் நடுவில் இருக்கட்டும்.

தோடி என்று தேடினால் தோடி வரவில்லை

இதுதான் பெரிய நோய். ஒரே மருந்தில் தீராது.

எங்கள் மாடியில் இருக்கும் மாமா ஒரு நாள் போனோடு இறங்கி வந்தார். "ஏம்ப்பா, பைரவி கேட்டேன். வடக்கத்திக்காரர் யாரோ வந்து சிந்துபைரவி மாதிரி என்னமோ பண்றார்." "மாமா, அது ஹிந்துஸ்தானி பைரவி. உங்க பைரவி அதுக்குத் தெரியாது" என்றேன். "தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணுமோல்லியோ?" என்றார். அந்த நியாயம் எந்த ஆப்புக்கும் கிடையாது.

பெயர் ஒன்றாக இருந்து ராகம் வேறாக இருப்பது முதல் குழப்பம். நம் தோடி, அதாவது எட்டாவது மேளமான (தாய் ராகமான) ஹனுமதோடி, ஸ்வரத்தைப் பார்த்தால் ஹிந்துஸ்தானி பைரவி தாட்டுக்குச் (அவர்களுடைய மேளத்துக்குச்) சமம். அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளிக்குப் பக்கம். நம் ஹிந்தோளம் அவர்களுக்கு மால்கௌன்ஸ்; அவர்களுடைய ஹிந்தோல் முற்றிலும் வேறு ராகம். எனவே ராகப் பெயரை மட்டும் தட்டாதீர்கள். கல்யாணி, ரஞ்சனி, வசந்தா என்று தட்டினால் நிலைமை இன்னும் மோசம், அந்தப் பெயரில் பாடகிகளும் சினிமாப் பாட்டுகளும் வரிசைகட்டி வருவார்கள்.

இரண்டாவது எழுத்துக்கூட்டல். ஆல்பம் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றுகிறார்கள். ஒருவர் 'டி' போட்டுத் தோடி எழுதுவார், இன்னொருவர் 'டி-எச்' போட்டு எழுதுவார். காம்போஜிக்கு நான்கு எழுத்துக்கூட்டலாவது பார்த்திருக்கிறேன். தியாகராஜருக்கு அதைவிட அதிகம். ஒன்றில் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் கிடைக்கும் என்று மாற்றி மாற்றித் தட்டத்தான் வேண்டும். பாடகர் பெயரும் அப்படியே: முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தது ஒரு பக்கம், வைக்காதது ஒரு பக்கம், முன்னால் 'டாக்டர்' சேர்த்தது ஒரு பக்கம். ஒரே வித்வானுக்கு மூன்று பக்கங்கள் இருந்தால் மூன்றையும் பின்தொடருங்கள், ஆல்பங்கள் மூன்றிலும் சிதறிக் கிடக்கும்.

மூன்றாவது, பாட்டைச் செய்த வாக்கேயக்காரர் பெயர். 'கம்போஸர்' என்ற இடத்தில் பாடியவர் பெயரோ 'டிரெடிஷனல்' என்ற சொல்லோ இருப்பது சகஜம். 1847-ல் மறைந்த தியாகராஜர் அங்கே வந்து கேட்கப்போவதில்லை என்ற தைரியம். தேடலில் 'தியாகராஜ' என்று போட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: திருவாரூர்த் தியாகராஜ ஸ்வாமி மேல் முத்துஸ்வாமி தீக்ஷிதர் செய்த கிருதிகளும் அள்ளிக்கொண்டு வரும். பெயர் பாட்டின் தலைப்பில் இருக்கிறதா, செய்தவர் இடத்தில் இருக்கிறதா என்று ஆப் பிரித்துப் பார்ப்பதில்லை.

நடைமுறையில் பலன் தருவது இதுதான். கிருதியின் முதல் இரண்டு சொல்லும் பாடகர் பெயரும் சேர்த்துத் தட்டுங்கள். ராகத்தைவிடப் பல்லவியின் எடுப்புக்கு எழுத்துக்கூட்டல் குழப்பம் குறைவு. விதிவிலக்கு தீக்ஷிதரின் கமலாம்பா நவாவரணம். அதில் ஒரே பெயர்தான் வேற்றுமைக்கு வேற்றுமை முடிவு மாறி வருகிறது: ஆனந்தபைரவியில் கமலாம்பா, கல்யாணியில் கமலாம்பாம், காம்போஜியில் கமலாம்பிகாயை. தியானமும் மங்களமும் சேர்த்துப் பதினொரு உருப்படி. சொல்லின் வாலைக் கவனிக்காத தேடலுக்கு இவை எல்லாம் ஒன்றுதான். அங்கே மட்டும் ராகப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்புக்குள் தேடிச் சலித்தால் வெளியே வந்து கூகிளில் கிருதி, ராகம், பாடகர், ஆப்பின் பெயர் நான்கையும் போடுங்கள். ஆப்பின் தேடல் பெட்டி ஒளித்து வைத்திருக்கும் ஆல்பம் பல சமயம் அங்கே முதல் வரியில் நிற்கும்.

செவ்வியல் இசைக்கென்றே தனி ஆப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஆப்பிள் 2021-ல் பிரைம்ஃபோனிக் என்ற சேவையை வாங்கி, 2023 மார்ச்சில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. இசையமைப்பாளர், படைப்பு, அதன் பகுதி என்று அடுக்கி வைக்கிறது. பீத்தோவன் கேட்பவர்களுக்கு உபகாரம். ஆனால் அந்த அடுக்கு எழுதி வைத்த சிம்பொனிக்குப் பொருந்துவது. ஒரே கிருதியை ஒருவர் எட்டு நிமிஷத்தில் முடிப்பார், இன்னொருவர் ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தனி என்று ஒரு மணி நேரம் விரிப்பார். இதற்கு எந்தப் பெட்டி?

வயலின் யார், மிருதங்கம் யார் என்று காட்டவில்லை

பாலக்காடு மணி ஐயர் வாசித்த கச்சேரிகளுக்குக் கணக்கில்லை. அவர் பெயரைத் தட்டினால் வருவது சொற்பம். மற்றதெல்லாம் பாடியவர்கள் பெயருக்குள் முடங்கிக் கிடக்கின்றன. பக்கவாத்தியத்துக்காகவே கச்சேரி கேட்கிற ஒரு கூட்டம் இருக்கிறது என்பது படிவம் தயாரித்தவருக்குத் தெரியாது.

டிராக்குக்குப் பக்கத்தில் மூன்று புள்ளியை அழுத்தி 'கிரெடிட்ஸ்' பாருங்கள். காலியாக இருக்கும், ஆனாலும் பார்த்துவிடுங்கள். அடுத்தது அட்டைப்படம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து விரல்களால் பெரிதாக்கினால் பழைய கேஸட் அட்டைகளின் மூலையில் பக்கவாத்தியப் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். முன் அட்டையில் இல்லாவிட்டால் பின் அட்டையில் இருக்கலாம். டிஸ்காக்ஸ் தளத்தில் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் அட்டைகளைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால் வயலின் வில்லைக் கேட்டு ஊகிக்கும் பழைய வித்தைதான். அதில் நான் தோற்றதே அதிகம்.

கைதட்டல் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி இருக்கிறது

ஒலித்தரம் கீழே போய்விட்டது. இதைக் கண்டுபிடிக்க நேரடிக் கச்சேரியின் கைதட்டலைவிட நல்ல சோதனை இல்லை. தம்புராவும் காட்டிக்கொடுக்கும், தண்ணீருக்கடியில் சுழல்வது போல இருக்கும். மிருதங்கத்தின் சாப்பு ஓரம் மழுங்கிப்போகும்.

'டேட்டா சேவர்' போட்டிருக்கிறதா பாருங்கள். தரம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் சிக்னல் குறையும்போது தானே இறங்கிவிடும். ஸ்பாட்டிஃபையில் 'லோ' என்பது விநாடிக்கு ஏறத்தாழ 24 கிலோபிட், 'வெரி ஹை' 320. சிடியில் 1,411. அந்த 24-ல் மேல் ஸ்தாயி அதிர்வுகளில் பெரும்பகுதி பதிவிலிருந்து வருவதில்லை, கீழே இருப்பதை வைத்து ஆப் ஊகித்து வரைகிறது. பயணத்துக்கு முன் வீட்டு வைஃபையில் உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கியதற்கும் 30 நாளுக்கு ஒரு தடவை இணையத்தைக் காட்டாவிட்டால் ஸ்பாட்டிஃபை திருப்பி வாங்கிக்கொள்ளும்.

லாஸ்லெஸ்ஸுக்குக் காசு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சபாவில் 1950-களில் டேப்பில் பிடித்த கச்சேரிக்கு வேண்டாம். ப்ளூடூத் ஹெட்போனில் கேட்கிறவருக்கும் வேண்டாம், காதுக்குப் போகும் வழியில் மறுபடி சுருக்கப்பட்டுவிடும். நல்ல ஒயர் ஹெட்போன் வாங்குங்கள்.

திடீரென்று டெலிபோனில் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது

கம்ப்யூட்டரில் ப்ளூடூத் ஹெட்செட் மாட்டியிருக்கிறீர்கள், ஏதோ ஒரு மீட்டிங் ஆப் மைக்கைத் திறந்துவிட்டது. மைக் திறந்ததும் ஹெட்செட் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும். மைக்காகக் கம்ப்யூட்டரின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், அல்லது அந்த ஆப்பை மூடுங்கள். போன இடத்திலிருந்து பாட்டு திரும்பி வந்துவிடும்.

பாட்டு ஒரு காதில், மிருதங்கம் ஒரு காதில்

இரண்டு மைக்கை இரண்டு தடத்தில் பிடித்த டேப்பை அப்படியே ஏற்றிவிட்டார்கள். போனின் 'அக்சஸிபிலிட்டி' பக்கத்தில் 'மோனோ ஆடியோ' இருக்கும், போடுங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. பழைய மோனோ பதிவுக்கு எதிரொலி சேர்த்துப் போலி ஸ்டீரியோ ஆக்கிய ஆல்பங்களில் மட்டும் இது கைகொடுக்காது, சில சமயம் குரல் இன்னும் குடத்துக்குள் போய்விடும். அப்போது மோனோவைத் திரும்ப அணைத்துவிட்டு வேறு வெளியீட்டைத் தேடுங்கள்.

வித்வான் குரல் சின்னப் பையன் குரலாக இருக்கிறது

பதிவு வேகமாக ஓடுகிறது. ஆப்பும் போனும் இதில் நிரபராதிகள். தட்டிலிருந்தோ டேப்பிலிருந்தோ மாற்றியவர் கையில் நேர்ந்தது.

பழைய தட்டுகள் 78 என்று பெயர் வாங்கியிருந்தாலும் எல்லாம் அந்த வேகத்தில் வெட்டப்பட்டவை அல்ல. 74 சுற்றில் வெட்டியதை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் ஹார்மோனிய அளவு). கேஸட் மூன்று சதவீதம் வேகமாக ஓடினால் கால் கட்டை. விநாடிக்கு 44,100 மாதிரி உள்ள கோப்பை 48,000 என்று எண்ணி ஓட்டிவிட்டால் முக்கால் கட்டைக்குப் பக்கத்தில் ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடும்.

சந்தேகம் வந்தால் சுருதிப்பெட்டி ஆப்பைத் திறந்து ஸட்ஜத்தைப் பிடியுங்கள். ஆண்கள் வழக்கமாக ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள், பெண்கள் நாலரை முதல் ஆறுக்குள். ஒரு வித்வான் மூன்று கட்டையில் நின்றால் சந்தேகப்படலாம். ஸட்ஜம் இரண்டு கட்டைக்கு நடுவில் விழுந்தது என்பதற்காக மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், தம்புராவை ஹார்மோனியக் கட்டைக்குச் சரியாகச் சேர்த்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. இன்னும் நல்ல சாட்சி சபையில்தான் இருக்கிறது. நடுவில் யாராவது 'பலே' சொல்வார், இருமுவார், பாடகர் ஒரு வார்த்தை பேசுவார். அந்தப் பேச்சுக் குரல் இயல்பாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதே பதிவு வேறொரு ஆல்பத்தில் இருந்தால் கணக்கே போட்டுவிடலாம். முதல் எடுப்பிலிருந்து கடைசித் தட்டு வரை ஒன்றில் 6 நிமிஷம் 20 விநாடி, இன்னொன்றில் சரியாக 6 நிமிஷம் என்றால், 380-ஐ 360-ஆல் வகுங்கள்: ஐந்தரை சதவீத வித்தியாசம், ஏறத்தாழ அரைக்கட்டை. எது சரி என்பதை அதே வருஷங்களில் அவர் பாடிய வேறு பதிவுகளோடு ஒத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆப்பில் இதைச் சரிசெய்ய முடியாது. பாட்காஸ்டுக்கு இருக்கும் வேகப் பொத்தான் காலத்தை மட்டும் மாற்றும், சுருதியைத் தொடாது. கோப்பு உங்களிடம் சொந்தமாக இருந்தால் ஆடாசிட்டி மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளை இருக்கிறது, அதில் அந்தச் சதவீதத்தைப் போடுங்கள். ஒரு நாகஸ்வரப் பதிவை இப்படி இறக்கிக் கேட்ட அன்று, பல வருஷமாக நான் கேட்டது அவசரப்பட்ட கல்யாணி என்று தெரிந்தது.

மங்களம் முடிந்ததும் குத்துப்பாட்டு

'ஆட்டோபிளே' அணையுங்கள். முடிந்தது.

போன வாரம் இருந்த ஆல்பம் இன்று இல்லை

பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கும், அழுத்தினால் அசையாது. ஆல்பம் போட்ட கம்பெனிக்கும் ஆப்புக்கும் ஒப்பந்தம் முடிந்திருக்கும், அல்லது உரிமை கைமாறியிருக்கும். முதலில் அதே ஆல்பத்தை மறுபடி தேடுங்கள். புது உரிமையாளர் வேறு அட்டையோடு ஏற்றியிருந்தால் பழைய பிளேலிஸ்ட்டுக்கு அது தெரியாது. வேறு ஆப்பிலும் பாருங்கள். இரண்டிலும் இல்லாவிட்டால் சிடியாக வந்ததா என்று பார்த்து வாங்கிவிடுங்கள்.

மிகப் பழைய பதிவுகளுக்கு இன்னொரு வழி உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியான வருஷத்திலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வெளியான தட்டுக்கு 2020-ஓடு முடிந்துவிட்டது. இண்டர்நெட் ஆர்க்கைவில் இப்படிப்பட்ட 78 தட்டுகள் கிடைக்கும். சாகித்யத்தின் உரிமை வேறு கணக்கு, செய்தவர் மறைந்து 60 ஆண்டு. மும்மூர்த்திகளுக்குப் பிரச்சினை இல்லை. 1973-ல் மறைந்த பாபநாசம் சிவனுக்கு 2033 வரை இருக்கிறது.

நான் ஆப்பின் பிளேலிஸ்ட்டை நம்புவதை விட்டுவிட்டேன். போனில் ஒரு குறிப்புக் கோப்பு வைத்திருக்கிறேன். ஒரு கச்சேரிக்கு ஒரு வரி: பாடியவர், வயலின், மிருதங்கம், உருப்படி, ராகம், எந்த ஆப்பில் எந்த எழுத்துக்கூட்டலில் கிடைத்தது, எந்த நிமிஷத்தில் நிரவல் தொடங்குகிறது. மாடி மாமாவுக்கு அதில் ஒரு பிரதி அனுப்பினேன். மறுநாள் திருப்பி அனுப்பினார், இரண்டு இடத்தில் வயலின்காரர் பெயரை அடித்துத் திருத்தியிருந்தார்.